கையை விசாரித்தவர்கள்

ஓர் ஆண்பிள்ளையைப் பற்றிய உண்மைக்கு எகிப்தின் தமியாத் ஊரில் விலை ஒரு கிலோ முஷப்பக் இனிப்பு. அதுவும் பாகு சொட்டச் சொட்ட, அன்றைக்குப் பிழிந்ததாக இருக்க வேண்டும். கேட்டு வருகிறவர்கள் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் என்றால் இனிப்புக்குப் பதில் இரண்டு கிலோ மடவை மீன். இதற்குக் குறைத்து யாரும் கொடுப்பதில்லை, கூட்டியும் கொடுப்பதில்லை. கூட்டிக் கொடுத்தால் பொய்யை வாங்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெண்ணைக் கொடுக்குமுன் மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆற்றோரத்துத் தச்சர் சந்தில் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. கொண்டுவந்ததை வாங்கிப் பிரித்துவிட்டால் வாய் கட்டுப்பட்டது; கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியாக வேண்டும். சொல்ல மனமில்லையா, பொட்டலத்தைத் தொடக்கூடாது. ‘வயிறு சரியில்லை’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வந்தவர்களும் புரிந்துகொண்டு எழுந்து போய்விடுவார்கள். இரண்டு மூன்று வீடுகளில் வயிறு சரியில்லாமல் போய்விட்டால் அந்த மாப்பிள்ளை வேறு ஊரில் பெண் தேட வேண்டியதுதான்.

ஷௌகியாவின் வயிறு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை கட்டுவது அவள் தொழில். சந்தின் பாதிப் பட்டறைகளிலிருந்து மரச்சட்டங்கள் அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் வந்து இறங்கும். எவன் பசையில் தண்ணீர் விடுகிறான், எவன் வெடிப்புக்கு மெழுகை அடைத்துப் பாலிஷ் பூசுகிறான் என்பது சட்டத்தைக் கவிழ்த்துப் பார்க்கிறவளுக்குத் தெரியாமல் போகாது. சட்டத்தில் திருடுகிறவன் சம்சாரத்தில் மட்டும் யோக்கியனாக இருந்துவிடுவானா? அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். புருஷனை விட்டுப் பன்னிரண்டு வருஷமான, நாற்பத்து நாலு வயதுக்காரியிடம் கல்யாணத்துக்கு யோசனை கேட்பது வேடிக்கைதான். ஆனால் பாறை எங்கே இருக்கிறது என்பதைப் படகு உடைந்தவனிடம்தானே கேட்க வேண்டும்?

ஜனவரிப் புயல்மழை அன்று மூன்றாவது நாள். மழைக்காற்றில் பாலிஷ் காயாது. பாலிஷ் காயாவிட்டால் தமியாத்தில் பாதிப் பேருக்கு வேலை கிடையாது. சந்து முழுக்க மரத்தூள் ஊறிக் கஞ்சியாகக் கிடந்தது. ஷௌகியா ஒரு நாற்காலிச் சட்டத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கோணிப் பட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் முப்பது நாற்பது சிற்றாணிகள். நாக்கால் ஒவ்வொன்றாகத் தலை முன்னால் வருமாறு திருப்பி உதட்டுக்குத் தள்ள, காந்தச் சுத்தியல் அதைக் கவ்வி எடுத்துப் பட்டையில் வைத்து அடிக்கும். இந்த வேலையில் ஒரு சௌகரியம், பதில் சொல்ல விருப்பமில்லாத நேரத்தில் வாய் நிறைய ஆணி இருக்கும்.

அவள் அண்ணன் மெத்வல்லியின் மனைவி நஜ்லா மாடியில் குடியிருப்பவள். அடுப்பில் பருப்பைப் போட்டுவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்திருந்தாள்.

“மழைன்னா பருப்பு, பருப்புன்னா மழை. மூணு நாளா இந்த மஞ்சத் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு உங்க அண்ணன் முகமே மஞ்சளாப் போச்சு. ஒரு வாத்து அடிங்கன்னேன். பாலிஷ் காயட்டும்ங்கறாரு. பாலிஷுக்கும் வாத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“ம்ம்,” என்றாள் ஷௌகியா, ஆணிகளுக்கு நடுவே.

அப்போதுதான் வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். அறுபதைத் தாண்டிய வயது. கறுப்பு அங்கியின் கீழ்ப்பாகம் முழங்கால் வரை சேறு. கையில் தொங்கிய பையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“மெத்தை கட்டுற ஷௌகியா வீடு இதுதானாம்மா?”

“இதேதான் ஹாஜியாம்மா, உள்ள வாங்க. இந்த மழையில யாராவது வெளிய கெளம்புவாங்களா? என்ன பையில? மடவையா? அல்லாஹ்வே, கண்ணு இன்னும் முழிச்சுப் பாக்குது! ஒண்ணு, ரெண்டு... ஏழு!” நஜ்லா பையை வாங்கினதும் தெரியவில்லை, மாடிப்படிக்குக் கீழிருந்த தொட்டியில் கொட்டினதும் தெரியவில்லை. கத்தி செதிலை உரசுகிற சத்தம்தான் கேட்டது.

ஷௌகியா ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள். “மைனி, யாரைப் பத்திக் கேக்க வந்திருக்காங்கன்னு தெரிஞ்சுக்காம...”

“யாராயிருந்தா என்ன? உள்ளதைச் சொல்லிட்டுப் போ. மூணு நாளா பருப்பு.”

வந்தவள் பெயர் ஹிக்மத். ஆறு கடலில் விழுகிற இடத்தில் புர்ஜ் என்ற மீனவர் ஊர், அங்கிருந்து இரண்டு வேன் மாறி வந்திருக்கிறாள். தேநீர்க் கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக் குளிர் காய்ந்துகொண்டே சொன்னாள்.

“எம் மக ரஷாவுக்காக வந்தேன்மா. முப்பத்து நாலு வயசு. அவ புருஷன் போன படகு திரும்பலை, அஞ்சு வருஷமாச்சு. ஒரு பொட்டப்புள்ள இருக்கு, எட்டு வயசு. இப்போ ஒரு வரன் வந்திருக்கு. உங்க ஊருக்காரரு. எங்க பக்கம் ஒரு பட்டறையில மரத்துல பூ செதுக்குறாரு.”

“பேரு?”

“ரிஃப்அத்.”

செதில் உரசுகிற சத்தம் நின்றது. நஜ்லா கத்தியும் கையுமாக வந்தாள்.

“எந்த ரிஃப்அத்? இடது புருவத்துல வெட்டு இருக்குமே, அவனா?”

“ஆமாம்மா, அவருதான்.”

“மீனைக் கட்டி எடுத்துட்டுப் போங்க ஹாஜியாம்மா. எங்களுக்கு வயிறு சரியில்லை.”

“ஏழுல எத்தனைக்குச் செதில் எடுத்திருக்கீங்க மைனி?”

நஜ்லா தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். “அஞ்சு.”

“அப்ப அஞ்சுக்கும் திரும்ப செதில் ஒட்டுங்க, குடுத்துடலாம்.” ஷௌகியா நாற்காலியைத் தரையில் வைத்தாள். குரலில் கோபம் இல்லை. ஒரு மூட்டையை இறக்கிவைத்தவள் அதையே மறுபடி தூக்கப்போகிறாள் என்றால் எப்படி மூச்சு விடுவாளோ, அப்படி ஒரு மூச்சு விட்டாள். “உக்காருங்க. கேளுங்க ஹாஜியாம்மா.”

“நீ என்ன சொல்றது? நான் சொல்றேன்,” என்றாள் நஜ்லா. “ஹாஜியாம்மா, இவ யாருன்னு தெரியுமா உங்களுக்கு? பத்து வருஷம் அந்த நாய்க்குப் பொண்டாட்டியா இருந்து, கையில போட்டிருந்த வளையலைக்கூட விட்டுட்டு உசுரோட வெளிய வந்தவ. எரிஞ்ச வீட்டுக்காரிகிட்ட வந்து நெருப்பு சுடுமான்னு கேக்குறீங்களே!”

“தெரியும்மா.” ஹிக்மத் தேநீரைக் கீழே வைத்தாள். “தெரிஞ்சுதான் வந்தேன். நாலு இடத்துல விசாரிச்சேன். எல்லாரும் நல்லவருங்கறாங்க. எல்லாரும் நல்லவருன்னா எனக்குச் சந்தேகம்தான் வரும். நேரா அவருகிட்டயே போயிக் கேட்டேன், ‘ஒங்களைப் பத்தி நெசம் வேணும்னா யாருகிட்டப் போறது?’ன்னு. ரொம்ப நேரம் உளியைத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ஒரே ஒரு பேரு சொன்னாரு. ஓம் பேரு.”

தமியாத்தில் யாவாரம் பழகின எவரும் கேள்விப்படாத காரியம் இது. மேசையை விற்கிறவன் வெடிப்பு இருக்கிற காலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பான். அதுதான் முறை, அதில் பாவம் ஒன்றும் இல்லை. வாங்க வந்தவளின் கையைப் பிடித்து வெடிப்பின் மேல் வைக்கிறவனை என்ன சொல்வது? ஷௌகியா நாற்காலியை மறுபடி இடுக்கிக்கொண்டு பட்டையை இழுத்துப் பார்த்தாள். அது ஏற்கெனவே விறைப்பாகத்தான் இருந்தது.

“அடிப்பாரா?” என்றாள் ஹிக்மத்.

“இல்ல. ஒரு தடவை கதவை ஒடச்சாரு. என்னைத் தொட்டதில்ல.”

“எடுப்பாரா?”

“எடுப்பாரு. என் வளையல் ஆறும் அப்படித்தான் போச்சு, மாசத்துக்கு ஒண்ணா. தையல் மிஷினு போச்சு. எங்க வாப்பாவோட கைக்கடிகாரம் போச்சு.”

“பொய்?”

“அழகாச் சொல்லுவாரு ஹாஜியாம்மா. மரத்துல செதுக்குற மாதிரியே. பொய்யின்னு தெரிஞ்சே உக்காந்து கேக்கலாம்.”

“‘சொல்லுவாரு’!” நஜ்லா தொட்டிப் பக்கமிருந்து கத்தினாள். “என்ன மரியாதை! அவரு, இவரு! அந்த வளையலுக்கெல்லாம் நான் கடைகடையா அலைஞ்சது எனக்குத் தெரியும்.”

அவரை அவன் என்று சொல்ல ஷௌகியா முயன்று பார்த்திருக்கிறாள். விவாகரத்தான முதல் வருஷம் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். நாக்கில் ஆணி குத்தின மாதிரி இருந்ததால் விட்டுவிட்டாள்.

அவளை அவனுக்குக் கொடுப்பதற்கு முன்னும் விசாரித்தார்கள். அவள் வாப்பா ஒரு கிலோ முஷப்பக் வாங்கிக்கொண்டு பத்ரான் மேஸ்திரியின் பட்டறைக்குப் போனார். இருபத்தாறு வயது ரிஃப்அத் அங்கேதான் வேலை பார்த்தான். ‘கை எப்படி?’ என்று கேட்டார் வாப்பா. ‘தங்கம்’ என்றார் மேஸ்திரி. ‘வேகம்?’ ‘ரெண்டு பேர் வேலையை ஒருத்தனாச் செய்வான்.’ வாப்பாவுக்குச் சந்தோஷம், எழுந்து வந்துவிட்டார். ஒருவன் எப்படி இரண்டு பேர் வேலையைச் செய்கிறான், என்னத்தைத் தின்றுவிட்டுச் செய்கிறான் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு மேஸ்திரி பதில் சொல்லவில்லை. முஷப்பக்குக்குத் துரோகம் செய்யவும் இல்லை. மரத்தில் சோறு தின்கிற ஊரின் தப்பு அது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறோம் என்று போய் அவன் கையைப் பற்றி விசாரித்துவிட்டு வந்துவிடுவார்கள். கைக்குப் பின்னால் ஆள் ஒருவன் ஒட்டிக்கொண்டிருப்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியவரும்.

அந்தக் கையைத்தான் அவளும் முதலில் பார்த்தாள். அந்தப் பட்டறையிலிருந்த அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், ரிஃப்அத் பேரம் பேசுகிற கெய்ரோக்காரன் ஒருவனைப் போல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டி, பட்டறையையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். சிரிப்புக்கு நடுவிலும் கை மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல் ஓர் இலையைச் செதுக்கிக்கொண்டிருந்தது. கல்யாணக் கட்டிலின் தலைப்பலகையை வேலை முடிந்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில், இரண்டு வருஷம் செதுக்கினான். திராட்சைக் கொடி, கொடி முழுக்கக் குருவி. ‘எத்தனை குருவின்னு எண்ணிச் சொல்லு, சொன்னாத்தான் தூங்க விடுவேன்’ என்பான். ஒவ்வொரு இரவும் அவளுக்கு ஒவ்வொரு எண்ணிக்கை வரும்.

விவாகரத்துக்குப் பிறகு கட்டில் அவளுக்கு வந்தது. விற்கச் சொன்னார்கள். அவள் தலைப்பலகை மேல் இரண்டு விரல்கடைக்குப் பஞ்சு வைத்து, கறுநீல வெல்வெட்டை இழுத்து, சுற்றிலும் ஆணி அடித்துவிட்டாள். இப்போதும் அதில்தான் படுக்கிறாள். நல்ல மெத்தை வேலை. உள்ளே ஒரு பறவை இருப்பதாக யாரும் சொல்ல முடியாது.

“இப்போ எப்படின்னு உனக்குத் தெரிய வாய்ப்பில்லை,” என்றாள் ஹிக்மத். “மூணு வருஷமா மாத்திரையைத் தொடலைங்கறாரு. பட்டறைக்காரரும் அதான் சொல்றாரு. பட்டறைக்காரருக்குக் கை வேணும், அவரு சொல்லுக்கு நான் மதிப்புக் குடுக்கலை.”

ஷௌகியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கடற்கரைக்காரியாக இருந்தாலும் விவரமானவள்தான்.

“தெரியும். தொடலை.”

“உனக்கெப்படிடீ தெரியும்?” என்றாள் நஜ்லா.

ஷௌகியா சுவரோரம் அடுக்கியிருந்த சட்டங்களில் ஒன்றை இழுத்து ஹிக்மத்தின் முன்னால் சாய்த்தாள். “உங்க பக்கத்துப் பட்டறையிலேர்ந்து வந்தது. இந்த இலையைப் பாருங்க. நரம்பு முடியுற எடத்துல உளியைத் தூக்கியிருக்காரு, மூச்சு விடுற மாதிரி. மாத்திரை போட்ட கை தூக்காது. ஓடிக்கிட்டே இருக்கும், நரம்பு இலையைத் தாண்டி வெளிய போயிரும். வாங்குறவங்களுக்குத் தெரியாது, பாலிஷ் மூடிடும். மூணு வருஷமா அந்தப் பட்டறைச் சட்டம் இங்க வருது. ஒவ்வொண்ணையும் பாத்திருக்கேன். ஒரு நரம்புகூட வெளிய போகலை.”

“மூணு வருஷமா பாக்குறியா?” நஜ்லாவின் பிடியில் மீன் தலைகீழாகத் தொங்கியது. “ஒவ்வொண்ணையுமா?”

ஷௌகியா பதில் சொல்லவில்லை. வாயில் ஆணி இல்லாமலே.

ஹிக்மத் இலையின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். “முன்னாடி ரெண்டு தடவை விட்டேன்னு சொன்னாரு. மொதத் தடவை பதினோரு நாளு, தானா விழுந்தேன்னாரு. ரெண்டாவது தடவை ஏன் நிக்கலைன்னு கேட்டேன். ‘என் தப்பு’ன்னாரு. அதுக்கு மேல பேசலை. எனக்கு அதுதான்மா தெரியணும். என்ன நடந்துச்சு? அது மறுபடி நடக்குமா?”

“நாய் வாலை நிமித்த முடியாது, அதான் நடந்துச்சு,” என்றாள் நஜ்லா.

மழை சற்றே வலுத்தது. மாடியில் பருப்பு அடிப்பிடிக்கிற வாடை லேசாக வந்தது, நஜ்லா அசையவில்லை. ஷௌகியா மைனியைப் பார்த்தாள். இவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் அண்ணன் காதில் விழும். சந்தின் காதில் விழ நாளைக் காலை வரை ஆகலாம், மழை நிற்க வேண்டுமே. பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு இந்தச் சந்தில் ஒரு பெயர் இருக்கிறது: பொறுமையில் ஐயூப் நபிக்குத் தங்கை. வேறு சொத்து என்று அவளுக்கு அதிகம் இல்லை.

தொட்டியில் ஏழு மீனும் செதில் போய் வெள்ளையாகக் கிடந்தன.

“சொல்றேன்,” என்றாள்.

“ரெண்டாவது தடவை நானே கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தேன் ஹாஜியாம்மா. இருபத்தாறு நாளு. அந்தச் சிவப்பு மாத்திரைக்கு ஸ்ட்ராபெர்ரின்னு பேரு வச்சிருந்தாங்க, அப்போ ஊரே தின்னுச்சு. நாள் பூரா நின்னு வேலை செய்யுறவங்களுக்கு இடுப்பு வலிக்காது, தூக்கம் வராது. ஒண்ணுல ஆரம்பிக்கும், ஒரு அட்டையில வந்து நிக்கும். விட்ட மொத வாரம் அவரு கத்துனதை நீங்க கேட்டிருக்கணும். எலும்புக்குள்ள எறும்பு ஓடுதும்பாரு. பதினஞ்சு நாளுக்கு அப்புறம் சோறு கேட்டாரு. இருபதாவது நாளு சிரிச்சாரு. அந்தக் கெய்ரோக்காரன் நடை நடந்து காட்டுனாரு. என் புருஷன் திரும்பி வந்துட்டாருன்னு நெனச்சேன். கை மட்டும் வரலை. நடுக்கம். உளி புடிச்சா மரத்துல தாளம் போடும்.”

“அதுக்கு?”

“அந்த நேரத்துல எங்க அண்ணன் ஏழு படுக்கையறைக்கு ஆர்டர் எடுத்திருந்தாரு. பெருநாளைக்கு முன்னாடி குடுக்கணும். குடுக்கலைன்னா பட்டறை போயிரும், பட்டறை மேலதான் எல்லாரும் நின்னோம். செதுக்கு வேலை பூரா இவரு கையை நம்பி. தெனம் வாசல்ல வந்து நிப்பாரு எங்க அண்ணன். ‘கை எப்போ சரியாவும்?’ம்பாரு. ‘ஆளு எப்படி இருக்காரு’ன்னு கேக்க மாட்டாரு. நானும் காலையில எந்திரிச்சா மொதல்ல கையைத்தான் பாப்பேன். நடுங்குதா, நின்னுடுச்சான்னு.”

நஜ்லா கத்தியைக் கீழே வைத்தாள்.

“இருபத்தேழாவது நாளு, நான் படகுல ஏறி ஆத்துக்கு அந்தப் பக்கம் போனேன். என்னைத் தெரியாத கடையா பாத்து ஒரு அட்டை வாங்குனேன். திரும்பி வந்து தேநீர் போட்டு, தட்டுல ரெண்டை எடுத்து வச்சேன். தட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. முழுங்கிட்டாரு. அவ்வளவுதான். அன்னைக்கு பத்தொன்பது மணி நேரம் வேலை செஞ்சாரு. ஆர்டரு நேரத்துக்குப் போச்சு. எங்க அண்ணன் அவரு கையைப் புடிச்சு முத்தம் குடுத்தாரு. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம். வளையல் போனது, மிஷின் போனது எல்லாம் அந்த அஞ்சு வருஷத்துலதான். அஞ்சு வருஷமும் ஊரு என்னைப் பாத்துப் பாவம் பாவம்னுச்சு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். வெக்கத்துலன்னு நெனச்சாங்க.”

மாடியில் பருப்பு முழுசாகவே கருகிவிட்டது.

“நீயா?” என்றாள் நஜ்லா கடைசியில். மெல்லத்தான் கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்கு ஷௌகியாவின் தோள் ஏன் அப்படிக் குலுங்கியது என்று அவளுக்குப் புரியவில்லை. “உங்க அண்ணனுக்கு இது...”

“தெரியாது. இனிமே தெரிஞ்சிரும். நீங்கதான் இருக்கீங்களே மைனி.”

நஜ்லாவுக்கு இதற்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. “நானும்தான் அந்த ஆர்டர் காசுல பல் கட்டினேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு மீனின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹிக்மத் நெடுநேரம் தன் ஈர அங்கியின் ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். “அவரு சொல்லலைம்மா. நான் துருவித் துருவிக் கேட்டேன். ‘தட்டுல இருந்துச்சு, என் கைதான் எடுத்துச்சு’ன்னாரு. தட்டைக் கொண்டுவந்தது யாருன்னு சொல்லவேயில்லை. நீயும் சொல்ல மாட்டேன்னுதான் அவரு நெனச்சிருப்பாரு.”

ஷௌகியா சுத்தியலைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது.

“குடுக்கவா, வேண்டாமா?” என்றாள் ஹிக்மத். “அதை மட்டும் சொல்லிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“அதைச் சொல்ல எனக்கு வக்கில்லை. ஒண்ணு சொல்றேன். இப்பவும் அவருக்குச் சில நாளு கை வராது, அதுவும் சட்டத்துல தெரியும். மழை நாளுல நடுங்கும், வயசும் ஆகுது. அன்னைக்கு மடியில ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. அப்போ உங்க மக, ‘கை எப்போ சரியாவும்’னு கேக்காம ஒரு தட்டு சோத்தை முன்னால வச்சுட்டுப் போவாளா? போவான்னா குடுங்க. எனக்கு அது முடியலை. எங்க ஊருல யாருக்கும் அது முடியாது. நாங்க அப்படி வளரலை.”

ஹிக்மத் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. “எம் மக கடலுக்குப் போறவனோட வாழ்ந்தவம்மா. பத்து நாளுல ஆறு நாளு வலை காலியாத்தான் வரும். காலி வலையோட வந்தவனை வாசல்ல நிறுத்தி மீன் எங்கேன்னு எங்க பக்கம் எவளும் கேக்க மாட்டா. கேட்டா மறுநாளு அவன் போகக்கூடாத எடத்துக்குப் போவான். அப்படிப் போனவன்தான்...” நிறுத்திக்கொண்டாள். “அவ கேக்கலை. அவன் அம்மா கேட்டா.”

மீனைத் தவிட்டில் புரட்டி, வெறும் இரும்புத் தகட்டில் கருகக் கருகச் சுட்டு, எலுமிச்சை உப்புத் தண்ணீரில் சளக்கென்று போட்டு எடுத்தாள் நஜ்லா. நாக்கு எப்படியோ, அவள் கை பிசகாது. பூண்டு, சீரகம், பச்சை மிளகாய் நசுக்கியது, சூடான ரொட்டி. ஹிக்மத் ஒரு மீனைச் சாப்பிட்டாள். இன்னொன்று வைக்கப்போனபோது தட்டை மூடிக்கொண்டாள். “கடைசி வேனைப் புடிக்கணும். புள்ளைக்கு நான் போய்த்தான் தலை பின்னணும்.” வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, “அவருகிட்ட ஏதாவது சொல்லணுமாம்மா?” என்றாள்.

ஷௌகியா யோசித்தாள். “சட்டத்துக்கு உள்பக்கம் இழைப்புளி சரியா ஓட்டச் சொல்லுங்க. துணி கிழியுது.”

ஹிக்மத் தலையாட்டினாள். அதற்குள் என்னென்ன இருந்ததோ, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அஸர் தொழுகை முடிந்து மெத்வல்லி வந்தான். மீன் வாசனை மூக்கில் பட்டதும் மஞ்சள் முகத்தில் ரத்தம் ஏறியது. உட்கார்ந்து சட்டையின் கையை மடித்துக்கொண்டு, “யாரு கொண்டாந்தது? எவனைப் பத்தி விசாரிச்சாங்க?” என்றான்.

நஜ்லா ஷௌகியாவைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நஜ்லா தானாகச் சொல்லாமல் விட்ட முதல் செய்தி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

“ரிஃப்அத்தைப் பத்தி,” என்றாள் ஷௌகியா. “என்னைப் பத்தியும். கொஞ்சம் உங்களைப் பத்தியும் அண்ணே.”

அப்புறம் சொன்னாள். படகில் ஏறி அக்கரைக்குப் போனதை, வாங்கியதை, தட்டில் வைத்ததை. இரண்டாம் தடவை சொல்லும்போது கதை குட்டையாகிவிட்டது, நாலே வாக்கியம். மெத்வல்லி முதல் மீனைத் தின்று முடித்திருந்தான். இரண்டாவது மீனில் பாதியில் கை நின்றது. தன் தங்கையை ஒரு போதைக்காரனிடமிருந்து மீட்டு வந்த கதையைப் பன்னிரண்டு வருஷமாக எல்லாக் காபிக்கடையிலும் சொல்லிவந்தவன் அவன். உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். பிறகு அந்தக் கையாலேயே வாயைத் துடைத்துக்கொண்டான்.

“நான் தெனம் வாசல்ல வந்து நின்னேன் இல்ல?” என்றான்.

“நின்னீங்க.”

“என்ன கேட்டேன்?”

“தெரியுமே அண்ணே உங்களுக்கு.”

அவன் எழுந்து கை கழுவினான். நெடுநேரம் கழுவினான். “பாலிஷ் நாளைக்கும் காயாது,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு படியேறினான்.

ஷௌகியா ஒரு மீனைத் தட்டில் எடுத்துவைத்து முள் பார்த்துச் சாப்பிட்டாள். நல்ல மீன். கடல் வாடை இன்னும் போகவில்லை. அன்று அவன் தட்டைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான் என்று ஹிக்மத்திடம் சொன்னாள், அண்ணனிடமும் சொன்னாள். பார்த்துவிட்டு, முழுங்குவதற்கு முன்னால், கோபமே இல்லாமல், தெருவில் தெரிந்தவர்களைக் கண்டால் கேட்கிற மாதிரி அவன் கேட்ட ஒரே ஒரு சொல்லை இருவரிடமும் சொல்லவில்லை. இன்று அதே ‘நீயா?’ மைனியின் வாயிலிருந்து வந்தபோதும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டால் ஒருவேளை தூக்கம் வரும். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. இருக்கிற ஓர் ஆளும் இனி வேறொருத்தியின் வாசலில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கப்போகிறான். நல்லதுதான்.

வந்தது ஏழு மீன். ஹிக்மத்துக்கு ஒன்று. நஜ்லாவுக்கு இரண்டு, கருகின பருப்புக்கு நஷ்டஈடாக. அண்ணனுக்கு இரண்டு, அதில் பாதி தட்டிலேயே கிடக்கிறது. தனக்கு ஒன்று. ஆறுக்கு உண்மை கொடுத்தாகிவிட்டது. ஏழாவது மீனை அவள் ஒரு தட்டில் வைத்து இன்னொரு தட்டால் மூடினாள்.

அது பாக்கி.